பழைய பிக்கப்புக்கு எது: கழற்றிய ஒரிஜினலா, வெளிக் கம்பெனி புதுசா?

முப்பது வருஷம் ஓடிய பிக்கப்புக்குக் கம்பெனியே பல பாகங்களை நிறுத்தியிருக்கும். மிச்சம் இரண்டு வழி: இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியது, அல்லது வெளிக் கம்பெனி செய்யும் புதுசு.

எஞ்சின் பிளாக், ஹெட், ஆக்சில் போன்ற கனமான சாமான் என்றால் யோசிக்காமல் கழற்றியதைத்தான் எடுப்பேன். அளவு அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் ஆண்டைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. டொயோட்டா 22ஆர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 மாடலில் ஹெட், பிளாக் எல்லாம் மாறின; அதற்கு முன்பே இரட்டை வரிசை டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) ஒற்றை வரிசையாகியிருந்தது. பெயர் ஒன்றுதான், பாகம் சேராது. பாகத்தின் மேலேயே வார்த்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். முழு எஞ்சின் என்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) கட்டாயம். சிலிண்டருக்குச் சிலிண்டர் அளவு ரொம்ப மாறினால் விட்டுவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, தொடவே வேண்டாம்.

ஹோஸ், சீல், கேஸ்கெட், பிரேக் சாமான் எல்லாம் புதுசுதான். ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகிவிடும்.

சில இடத்தில் புதுசு ஒரிஜினலையே மிஞ்சும். அந்த ஒற்றை வரிசை செயின் உள்ள 22ஆரில் பிளாஸ்டிக் செயின் கைடு (செயினைத் தாங்கி நிற்கும் பட்டை) உடைந்தால், தளர்ந்த செயின் டைமிங் கவரை உள்ளிருந்து அறுத்து, கூலன்ட் ஆயிலில் இறங்கும். இரும்பு முதுகு வைத்த கைடு வெளியில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

கார்புரேட்டர் மட்டும் விதிவிலக்கு. மலிவான புதுசைவிட, பாடி கோணாத ஒரிஜினலைப் பிரித்துக் கழுவி ரிப்பேர் கிட் போடுவதே மேல்.