பதின்மூன்று வருடமாக எங்கள் வாசலில் நிற்கும் ஃபால்கன் வாகன்

2012 ஓகஸ்ற்றில் இரண்டாவது பிள்ளை பிறந்து ஆறு கிழமைதான். எங்களிடம் இருந்த சின்னக் காரின் பின்பெட்டிக்குள் இரட்டைத் தள்ளுவண்டியை எப்படிச் சரித்துப் பார்த்தும் வைக்க முடியவில்லை. மெல்பேர்ணில் நீண்ட காலம் ரக்சி ஓட்டிய அண்ணை ஒருவரிடம் என்ன கார் வாங்கலாம் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஆறு சிலிண்டர் ஃபால்கன் எடும் தம்பி. எண்ணெயும் தண்ணியும் ஒழுங்காய்ப் பாத்தீரெண்டால் அது உம்மை நடுறோட்டிலை விடாது" என்றார்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த வெள்ளை நிற 2007 ஃபோர்ட் ஃபால்கன், பி.எஃப். மார்க் 2, எக்ஸ்.ரி. ஸ்ரேஷன் வாகன், அதாவது கூரை கடைசிவரை நீண்டு பின்னால் சாமானுக்குப் பெரிய இடம் உள்ள கார். முன்பு ஒரு கம்பனியின் வேலைக்கு ஓடிய கார். வாங்கும்போது 1,18,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது, இன்று 3,87,000. எஞ்சினை இதுவரை ஒருமுறையும் கழற்றியதில்லை.

ஃபால்கன் தேடுகிறவர்களை முதலில் குழப்புவது ஒவ்வொரு தலைமுறைக் காருக்கும் ஃபோர்ட் வைத்த இந்த எழுத்துகள்தான். 1960இல் வந்த முதல் கார் எக்ஸ்.கே. அமெரிக்க ஃபால்கனை அப்படியே கொண்டுவந்து மெல்பேர்ணுக்கு வடக்கே புரோட்மெடோஸ் தொழிற்சாலையில் பொருத்தினார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைக்குச் செய்த முன் சஸ்பென்ஷன் இந்த நாட்டுக் கிறவல் பாதைகளில் தாக்குப்பிடிக்கவில்லை, பெயர் கெட்டுப்போனது. அதை மீட்க 1965இல் எக்ஸ்.பி. கார்களை ஜீலோங்குக்குப் பக்கத்தில் யூ யாங்ஸ் சோதனைத் திடலில் ஒன்பது நாள் இரவு பகலாக ஓடவிட்டு, எல்லாமாக 70,000 மைல் எடுத்துக் காட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 70 மைலுக்கும் மேல். ஃபால்கன் இந்த மண்ணுக்குரிய காராக மாறியது அங்கிருந்துதான் என்பது என் எண்ணம். 1972இன் எக்ஸ்.ஏ. உருவத்திலும் அவுஸ்திரேலியாவின் சொந்தக் கார் ஆகிவிட்டது. எக்ஸ் வரிசை முடிய 1988இல் ஈ.ஏ., பிறகு ஈ.பி., ஈ.டி., ஈ.எஃப்., ஈ.எல். 1998இல் ஏ.யூ., 2002இல் பி.ஏ., 2005இல் பி.எஃப்., 2008இல் எஃப்.ஜி., 2014இல் எஃப்.ஜி. எக்ஸ். 1971இன் எக்ஸ்.வை. ஜி.ரி.-எச்.ஓ. ஃபேஸ் 3 மாதிரி 300 மட்டும் செய்த பந்தய வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றும் ஃபால்கனைப் பற்றி.

பி.ஏ. வந்தபோதுதான் பாரா எஞ்சின் வந்தது. 4.0 லீற்றர், வரிசையாக ஆறு சிலிண்டர், 24 வால்வு, ஜீலோங் எஞ்சின் ஆலையில் வார்த்தது. பாரமுண்டி மீனின் பெயரிலிருந்து எடுத்த பெயர். நாங்கள் கொடுவா என்று சொல்லும் அதே மீன். பி.ஏ.யில் 182 கிலோவாற், என் பி.எஃப்.பில் 190. ஆனால் அந்த எண்ணை விட எனக்கு முக்கியம் 383 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அது நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. வண்டி நிறையச் சாமான், பின்னால் ஆறடிக்கு நாலடி ரெயிலர், எதிரே ஏற்றம் என்றாலும் எஞ்சின் சத்தம் போடாமல் இழுத்துக்கொண்டு போகும். ரைமிங் பெல்ட் இல்லை, செயின். அதனால் இத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும் என்ற கவலையும் செலவும் இல்லை. 91 ஒக்ரேன் சாதாரணப் பெற்றோலே போதும்.

வாகனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பி.ஏ.யிலிருந்து செடானுக்கு, அதாவது பின்பெட்டி தனியாக உள்ள சாதாரணக் காருக்கு, பின்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இன்டிபென்டன்ற் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. வாகனுக்கு மட்டும் பழைய லீஃப் ஸ்பிரிங்கையே விட்டுவைத்தார்கள். லொறிக்குக் கீழே இருக்குமே, அந்தத் தகட்டு வில்லுத்தான். சக்கரங்களுக்கு இடையிலான நீளமும் செடானை விடக் கூட. வெறும் வண்டியாகக் குழியில் விழுந்தால் பின்பக்கம் கொஞ்சம் துள்ளும், மறைக்கவில்லை. பாரம் ஏறினால்தான் அதன் குணம் தெரியும். புதிதாக நாட்டுக்கு வந்த ஒரு குடும்பத்துக்காக டண்டினோங்கிலிருந்து உடுப்புத் தோய்க்கும் மெஷின், இரண்டு பேர் படுக்கும் மெத்தை, ஒரு மேசை மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கொண்டுபோனோம். பின் சீற்றை மடித்து, மெஷினை நிமிர்த்தி வைத்து, மெத்தையை வளைத்து அதன் பக்கத்தில் செருகினோம். மேசைக் கால்கள் முன் சீற்றுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு நின்றன. இறங்கிப் போய்ப் பின் ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் இடைவெளி மூன்றாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

தூரப் பயணத்துக்கு இதைப்போல இன்னொரு கார் எனக்குக் கிடைக்கவில்லை. சிட்னிக்கு ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 880 கிலோமீற்றர். 110இல் போகும்போது எஞ்சின் 2,000 சுற்றை ஒட்டித்தான் சுற்றும். பின்னால் பிள்ளைகள் நித்திரை, மனைவி தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஊற்றினால் சிந்தாது. கண்டகாய்க்குப் பக்கத்து மேடுகளில்கூட நாலாவது கியரிலிருந்து இறங்காமல் ஏறும். ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் கொப்பியில் எழுதிவைக்கிறேன்: நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கு 9.6 முதல் 10.1 லீற்றர், மெல்பேர்ணுக்குள் 13.5, பள்ளிக்கூட நேர நெரிசலில் 15 வரை. ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். அந்தப் பெற்றோல் காசு கையைக் கடிக்கும்.

ஒருமுறைதான் பயந்தேன். 2019இல் வழக்கமாகப் போகாத ஒரு கராஜில் சேர்விஸ் கொடுத்தேன். அங்கே ரேடியேற்றரில் இருந்த, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற்றோடு வேறு வகைக் கூலன்ற்றைக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து சீமோர் தாண்டும்போது வெப்ப முள் நடுக்கோட்டை விட்டு மெல்ல மேலே ஏறியது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டு, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சைத் தண்ணீருக்குப் பதிலாகச் சேறு மாதிரி ஒரு கபில நிறக் கூழ். பாராவின் அடிக்கட்டை வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூடேறினால் முதலில் வளைவது ஹெட்தான். முள் ஏறிய பிறகும் "அடுத்த ஊர் மட்டும் போவோம்" என்று ஓட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். புது ரேடியேற்றர் போட்டு, மூன்று முறை கழுவியெடுத்து, ஒரே வகைக் கூலன்ற் நிரப்பினோம். அன்றிலிருந்து கூலன்ற் போத்தலை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

மற்றவை வயதுக்குரிய தேய்மானம். 2,60,000 கிலோமீற்றரில் எஞ்சின் மேல்மூடிக்குக் கீழே உள்ள ரொக்கர் கவர் கஸ்கெற் காய்ந்து, பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்கி, குளிர்காலக் காலைகளில் எஞ்சின் திக்கியது. கஸ்கெற்றும் ஆறு பிளக்கும் மாற்றச் சரியாகிவிட்டது. பின்கதவைத் தாங்கும் காஸ் ஸ்ரட் இரண்டு தரம் மாற்றியாயிற்று. வெயிலில் நின்று நின்று கூரைத் துணி தொங்கியதை நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து ஒட்டினோம்.

வாகன் வாங்குவதென்றால் பி.எஃப்.போடு நிற்க வேண்டியதுதான், எஃப்.ஜி.யில் வாகன் செய்யவே இல்லை. 2010இல் வாகன் நின்றுபோனது. 2004இல் அதே புரோட்மெடோஸில் செய்யத் தொடங்கிய ரெறிற்றரி எஸ்.யு.வி.யின் பக்கம் குடும்பங்கள் போய்விட்டன. செடான் போதும் என்றால் எஃப்.ஜி.யைத்தான் எடுக்கச் சொல்வேன். மோதல் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் அவுஸ்திரேலியத் தயாரிப்புக் கார் அது. பி.ஏ., பி.எஃப். காலத்தில் எக்ஸ்.ரி. அடிப்படை மொடல், ஃபியூச்சுரா அதற்கு மேலே, ஃபெயார்மொண்ட், ஃபெயார்மொண்ட் கியா வசதிக்கு, எக்ஸ்.ஆர். 6 கொஞ்சம் விறைப்பான ஓட்டத்துக்கு. ரேர்போ போட்ட எக்ஸ்.ஆர். 6 பி.ஏ.யிலேயே 240 கிலோவாற். அதைக் குடும்பத்துக்கு வாங்குகிறவர் முந்தின சொந்தக்காரர் எப்படி ஓட்டியிருப்பார் என்பதை நன்றாக விசாரிக்க வேண்டும். ரக்சிக்கு ஓடியவற்றில் பெரும்பாலானவை எல்.பி.ஜி. காஸ். அந்தத் தாங்கிக்குச் சோதனைத் தேதி முடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

2016 ஒக்ரோபர் 7ஆம் திகதி புரோட்மெடோஸில் கடைசி ஃபால்கன் இறங்கியது. அன்று மாலை வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போகாமல் அந்தத் தொழிற்சாலைப் பக்கம் வண்டியைக் கொண்டுபோனேன். வெளியே எத்தனையோ ஃபால்கன்கள். நரைத்த மீசை ஐயா ஒருவர் என் வாகனின் பொனெற்றைத் தட்டி, தானும் உள்ளே வேலை செய்தவர் என்றார். பொனெற்றைத் திறந்து காட்டச் சொன்னார். எண்ணெய்க் கம்பியை இழுத்து, விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

அந்தத் தள்ளுவண்டியில் முன்னால் இருந்த மூத்தவளுக்கு இப்போது 17 வயது. விக்ரோறியாவில் லேர்னர்களுக்கு வேண்டிய 120 மணித்தியாலத்தில் 94 மணித்தியாலத்தை இந்த வாகனில்தான் ஓட்டி முடித்திருக்கிறாள். ஐந்து மீற்றர் நீள வண்டியைப் பின்னுக்கு எடுத்து, தெருவோர இடைவெளிக்குள் ஒரே தரத்தில் நிறுத்துகிறாள். லைசன்ஸ் எடுத்த பிறகு அவளுக்கென்று வாங்குவது காற்றுப்பை கூட உள்ள புதுக் கார் ஒன்றாகத்தான் இருக்கும். வாகன் எனக்கு. பின் லீஃப் ஸ்பிரிங்குக்குப் புது றப்பர் புஷ் வாங்கி வைத்திருக்கிறேன், வாற சனிக்கிழமை போட வேண்டும்.