தூக்கிவிட ஆள் தேவைப்படாத 3 நாள்: பெப்புவில் ஒரு வெந்நீரூற்று விடுதி

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவை எங்காவது அழைத்துப்போகலாம் என்று கொழும்பிலும் வெளியூர்களிலும் விடுதிகளை விசாரித்தபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "படி இருக்குது, ஆனால் பிரச்சினை இல்லை, எங்கட பொடியன்கள் தூக்கி விடுவாங்கள்." அன்போடு சொல்லப்படும் பதில் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 74 வயதில், சேலைத் தலைப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாத நான்கு இளைஞர்கள் கதிரையோடு தன்னைத் தூக்குவதை அம்மா ஒரு தடவைக்கு மேல் ஏற்றுக்கொள்ளவில்லை. அதன்பின் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் இறக்கிவிடும் இடத்தைச் சுற்றியே அவருடைய போக்குவரத்து நின்றுவிட்டது.

ஆகவே, ஜப்பானின் ஓயித்தா மாகாணத்திலுள்ள பெப்பு நகரில், கன்னாவாப் பகுதியின் நடுத்தரமான ஒரு வெந்நீரூற்று விடுதியில் அம்மாவும் நானும் 3 இரவுகள் தங்கியதைப் பற்றிய இம்மதிப்புரையில் நான் முதலில் பாராட்டுவது அறையையோ தண்ணீரையோ அல்ல. பதிவு செய்ததும் வந்த படிவத்தைத்தான். சக்கர நாற்காலியின் அகலம் எத்தனை சென்டிமீற்றர், கட்டிலுக்கு எந்தப் பக்கத்திலிருந்து மாறுவார், பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார், குளியலில் உதவப்போகிறவர் ஆணா பெண்ணா, உண்ணாதவை எவை என்று கேட்டிருந்தார்கள். அம்மாவின் தையல் நாடாவை எடுத்து நான் நாற்காலியை அளந்தது அன்றைக்குத்தான். அவர்கள் அனுப்பிய பதிலும் அளவுகளாகவே இருந்தது: அறைக் கதவு 90, கட்டிலின் உயரம் 45, குளியல் தொட்டியின் விளிம்பு 40. திறந்தவெளிக் குளியலுக்கு 11 கற்படிகள் ஏறவேண்டும் என்றும், அதற்கு மாற்றுவழி இல்லை என்றும் எழுதி, படிகளின் படத்தையும் வைத்திருந்தார்கள்.

உதவுகிறவர் ஆணா பெண்ணா என்ற கேள்வி இங்கே மிக முக்கியமானது. ஜப்பானியப் பொதுக் குளியலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். நீச்சலுடைக்குப் பெரும்பாலும் இடமில்லை. மகனுடைய உதவியோடு குளிக்கவேண்டிய தாய்க்கு அந்த வாசல் முழுவதும் அடைத்ததுதான். இதற்கு விடை 'கஷிகிரி' எனப்படும், மணிக்கணக்கில் ஒரு குடும்பத்துக்கென்று ஒதுக்கித் தரும் தனிக் குளியல். உடம்பைப் பிறர் பார்ப்பதில் கூச்சமுள்ள நம் பெண்களுக்கும், பச்சை குத்தியிருப்பதால் பொதுக் குளியலில் மறுக்கப்படுகிறவர்களுக்கும் வசதியானது அதுவே. மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் அணிவதற்கென்று குளியல் மேலாடை ஒன்றும் அங்கே உண்டு.

இவ்வளவும் விருந்தோம்பலால் மட்டும் வந்தவையல்ல. ஜப்பானில் 2006ஆம் ஆண்டின் தடையற்ற அணுகல் சட்டத்தின் கீழ், 2019 செப்டெம்பரிலிருந்து புதிதாகக் கட்டப்படும் 50 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளுள்ள பெரிய ஹோட்டல்களில் குறைந்தது 1 வீத அறைகள் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், மாற்றுத்திறனாளி கேட்கும் நியாயமான வசதியைத் தனியார் நிறுவனங்களும் அளவுக்கு மீறிய சுமை இல்லாதபோது செய்துகொடுத்தாக வேண்டும். நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இன் அணுகல் ஒழுங்குவிதிகளும் உண்டு என்பதை, கொழும்பில் சரிவுப்பாதையின் நடுவே பூச்சாடி வைத்திருப்பவர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தலாம்.

பெப்புவைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது. 1964 டோக்கியோ பாராலிம்பிக்கில் ஜப்பானிய அணியை வழிநடத்திய மருத்துவர் யுத்தாக்கா நாக்காமுரா, மாற்றுத்திறனாளிகள் உழைத்து வாழ்வதற்கான 'தையோ நோ இயே' என்ற நிறுவனத்தை 1965இல் இந்த ஊரில்தான் தொடங்கினார். ஓயித்தாவில் சக்கர நாற்காலி மரதன் 1981இலிருந்து நடக்கிறது. கடையிலும் தெருவிலும் அம்மாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதையே அவர் முதல் நாள் இரண்டு தடவை சொன்னார்.

புக்குவோக்கா நகரின் ஹகாத்தா நிலையத்திலிருந்து 'சோனிக்' விரைவு ரயிலில் ஏறத்தாழ 2 மணித்தியாலப் பயணம். நிலைய ஊழியர் மடிப்புப் பலகையைப் போட்டு ஏற்றிவிட்டார். பெப்புவில் இன்னொருவர் அதே போன்ற பலகையோடு சரியான பெட்டியின் வாசலில் நின்றார்.

விடுதி வாசலில் நாற்காலியின் சக்கரங்களை ஈரத் துணியால் துடைத்து உள்ளே விட்டார்கள். அறையின் பாதி மரத் தளம், மீதிப் பாதியில் பாய்விரிப்பு மேடை. மேடை கட்டிலின் உயரத்தில் இருந்ததால் அம்மா நாற்காலியிலிருந்து நகர்ந்து அதில் அமர்ந்து, வீட்டுத் திண்ணையில்போல் சாய்ந்துகொண்டார். பணிப்பெண் என்னிடம் பேசாமல் அம்மாவின் எதிரே குந்தியிருந்து, ஒரு மொழிபெயர்ப்புக் கருவியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கருவி, "தங்களது வலிமையான கரம் எது?" என்றது. "மகாபாரதத்தில வாறமாதிரிக் கேட்குது" என்று சிரித்தபடி அம்மா வலது கையை உயர்த்திக் காட்டினார். கழிப்பறையில் மட்டும் ஒரு குழப்பம். தண்ணீர் விடும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அவசர அழைப்புப் பொத்தான், இரண்டிலும் ஜப்பானிய எழுத்து. அம்மா இரண்டாவதை அழுத்த, ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். மறுநாள் அதன்மேல் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது.

தனிக் குளியலுக்கு மாலை 5 மணிக்குப் போனோம். விடுதியின் குளியல் நாற்காலியில் மாறி, தொட்டியின் விளிம்போடு ஒட்டிய அதே உயரப் பலகைக்கு நகர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைக்கும் ஏற்பாடு அது. அதற்கு முன் உடம்பைக் கழுவி, சிறு மரவாளியால் வெந்நீரை அள்ளி மேலில் ஊற்றிக்கொள்ளவேண்டும். இந்த ஒன்றை அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருகோணமலைக் கன்னியாவின் 7 கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்தவர் அவர். வாளியை வாங்கி, தானே தலையில் ஊற்றினார். (தலையில் ஊற்றுவது அங்கே வழக்கமில்லை; நான் தடுக்கவில்லை.) பெப்புவின் ஊற்றுகள் பல கொதிநிலையை நெருங்கும் சூட்டில் வெளிவருவதால் ஆற்றித்தான் தொட்டிக்கு விடுகிறார்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் வழக்கமான 42 பாகைக்குப் பதிலாக 39 பாகை கேட்டிருந்தோம். சுவரிலிருந்த வெப்பமானி அதையே காட்டியது. கழுத்தளவு தண்ணீரில் அவருடைய இடது கை தானாக மேலெழுந்து மிதந்தது. 10 நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

வெளியே வருவதில்தான் சிக்கல். உள்ளே போகும்போது வலப்புறம் இருந்த கைப்பிடி, திரும்பி வரும்போது இடப்புறமாகிவிட்டது. அந்தக் கை பிடிக்காது. நான் தூக்கப் பார்த்தேன், அம்மா முறைத்தார். தொலைபேசியில் அழைத்ததும் வந்த பணிப்பெண் கதவுக்கு வெளியே நின்றபடியே, திரும்பாமல் பின்பக்கமாகவே பலகையில் அமர்ந்து வரச் சொன்னார். வந்துவிட்டார்.

உணவைப் பற்றிச் சைவர்கள் கவனிக்கவேண்டும். ஜப்பானியச் சமையலில் சாறு என்றாலே மாசிக் கருவாடு போன்ற 'கட்சுவோபுஷி' அநேகமாக இருக்கும். படிவத்தில் எழுதியிருந்ததால் எங்கள் இரவுணவுக்குக் கடற்பாசியிலும் காளானிலும் தனிச் சாறு வைத்தார்கள். ஊற்றின் ஆவியில் அவித்த பூசணியும் வற்றாளங்கிழங்கும் வந்தபோது அம்மா உப்பை மட்டும் கேட்டார். காலையுணவு அப்படியல்ல. தாமே எடுத்துச் சாப்பிடும் மேசையில் எழுத்துகள் ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்தன. டோஃபுவின்மேல் சூட்டுக்கு நெளிந்துகொண்டிருந்த மெல்லிய சருகைப் பூ என்று நினைத்து அம்மா எடுக்கப்போக, நான் தட்டை இழுத்தேன்; அது கட்சுவோபுஷிச் சீவல். இரவில் அவ்வளவு கவனமாக இருந்த சமையற்கூடம் காலையில் இதை விட்டது எனக்கு ஏமாற்றம்.

வேறு குறைகளும் உண்டு. இத்தகைய அறைகள் இரண்டே இருப்பதால் சாதாரண அறையைவிட விலை கூட. கால் நடக்காததற்கு மேலதிகப் பணமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விளம்பரத்தில் "தடைகளற்றது" என்று போட்டுவிட்டு, 11 படிகளைப் பதிவு செய்தபின் சொல்வதும் முறையல்ல. கன்னாவாவின் ஆவி பறக்கும் ஒழுங்கைகள் செங்குத்தானவை. நாற்காலியைத் தள்ளி ஏறுவதற்கு நல்ல மூச்சு வேண்டும். திறந்தவெளிக் குளியலுக்குப் பதிலாக முற்றத்திலிருந்த பாதக் குளியலில் அம்மா கால்களை விட்டுக்கொண்டு, சுற்றிலும் எழும் புகையைப் பார்த்திருந்தார்.

புறப்படும் நாளில்தான் ஒன்று தெரியவந்தது: அவ்விடுதியில் தனிக் குளியல்கள் இரண்டு, ஒன்றின் கைப்பிடி மற்றதற்கு எதிர்ப்புறம். போகிறவர்கள் பலமான கை எது என்பதோடு, வெளியே வரும்போது கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.