இரண்டு ராத்திரிக்கு கேம்பர்வேன் தேவையா? ஒரு யார்க்ஷயர் டேல்ஸ் கணக்கு

மே மாத பேங்க் ஹாலிடே நெருங்கினால் போதும், எங்கள் லண்டன் நண்பர் வட்டத்தில் யாராவது ஒருவர் கேம்பர்வேன், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகை வேன், பேச்சை எடுத்துவிடுவார். வட இங்கிலாந்தின் பள்ளத்தாக்குகள் நிறைந்த தேசியப் பூங்காவான யார்க்ஷயர் டேல்ஸுக்கு நான் வேனிலும் போயிருக்கிறேன், காரில் போய் பி அண்ட் பியிலும் (படுக்கையும் காலை உணவும் தரும் சிறு விடுதி) தங்கியிருக்கிறேன். ஒருமுறை கூடாரமும் அடித்தோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: செலவு மிகக் குறைவு, சனிக்கிழமை இரவு முழுக்க மழை, ஞாயிறு காலை காருக்குள் உட்கார்ந்து காய்ந்த ரொட்டி தின்றோம். அதனால் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

முதலில் காசு. வேன் எடுத்தால் தங்கும் செலவு மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சீசனில் வேன் வாடகை ஓர் இரவுக்கு 100 முதல் 150 பவுண்ட் வரை ஆகிறது. இரண்டு இரவுக்குத் தரமாட்டோம், மூன்றாக எடுங்கள் என்பவர்களும் உண்டு. அதற்கு மேல், வேன்களும் கூடாரங்களும் தங்கும் முகாமில் கரண்ட் இணைப்போடு நிறுத்த 30 பவுண்ட் போல. சாலையோரம் எங்காவது போட்டுத் தூங்கிவிடலாமே என்றால் அது நடக்காது. தேசியப் பூங்காவின் கார் பார்க்குகளில் இரவு தூங்க அனுமதியில்லை. பார்க்கிற நிலமெல்லாம் யாரோ ஒருவருடையது, கேட்காமல் தங்க முடியாது. ‘ஸ்காட்லாந்தில் முடியுமாமே’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அங்கே 2003 சட்டம் தந்த உரிமை கூடாரம் அடிப்பவர்களுக்கு, வண்டியில் படுப்பவர்களுக்கு இல்லை. பி அண்ட் பியில் இருவருக்கான அறை எங்களுக்கு 110 பவுண்ட் ஆனது, காலை உணவும் அதில் சேர்த்தி. ஆக, இரண்டு பேர் என்றால் வேனுக்குத்தான் செலவு அதிகம். நான்கு பேர் போய் இரண்டு அறை எடுக்க வேண்டிவந்தால் கணக்கு தலைகீழ்.

நேரத்திலும் வேனுக்குக் கொஞ்சம் பின்னடைவுதான். வெள்ளி மதியம் மூன்று மணிக்குச் சாவி தருவார்கள். ஆனால் காஸ் எப்படித் திறப்பது, கூரையை எப்படித் தூக்குவது, எந்த பேட்டரி எதற்கு என்று விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு லண்டனை விட்டு வெளியேறி 230 மைல் போகவேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை நெரிசலில். திருப்பிக் கொடுக்கும் நாளில் உள்ளே கூட்டித் துடைத்து, டாய்லெட் பெட்டியைக் காலிசெய்து கழுவ வேண்டும். அந்தக் கடைசி வேலை யாருடையது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

சாலைக்கு வருவோம். ஹாஸ் ஊரிலிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் ஏறி ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை 526 மீட்டர் உயரம் வரை போகிறது. 2014இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள்காரர்கள் இதில்தான் ஏறினார்கள். அதில் வேன் நன்றாகவே போனது. தொல்லை கீழே கிளைச் சாலைகளில். நாங்கள் எடுத்த ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் வகை வேன் பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து 2.3 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் சிமெண்ட் இல்லாமல் கல்லை அடுக்கியே கட்டிய சுவர், மண் கரைகூட இல்லை. மியூக்கர் கிராமத்தைத் தாண்டி அப்படியொரு சந்தில் எதிரே டிராக்டர் வந்தது. பின்னால் வைக்கோல் உருளைகளோடு டிரெய்லர், அது பின்வாங்க வழியே இல்லை. நான் ரிவர்ஸ் எடுத்தேன். மனைவி இறங்கிப் பின்னால் நின்று ‘வா, வா, வா... நில்லு!’ என்றாள். அந்த ‘நில்லு’ அரை வினாடி தாமதம். இடது கண்ணாடியின் ஓடு கல்லில் உரசி, நகத்தால் கரும்பலகையைக் கீறிய மாதிரி ஒரு சத்தம். டிராக்டர்காரர் இறங்கி வந்து கண்ணாடியை மடக்கிவிட்டு, ‘இப்போ போ’ என்று சைகை காட்டினார். மடக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. டெபாசிட்டில் 85 பவுண்ட் போயிற்று. அடுத்த முறை அதே சந்தில் எங்கள் சின்ன காரில் போனபோது அது அவ்வளவு குறுகலாகத் தெரியவில்லை.

ஆக, ஊர் ஊராகச் சுற்றத்தான் வேன் என்பார்கள், டேல்ஸில் அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். சுற்ற ஆசைப்பட்டால் கார்.

சாப்பாட்டில் எனக்குள்ளேயே சண்டை. பி அண்ட் பியில் காலை உணவு பிரமாதம், இரவில்தான் திண்டாட்டம். கிராமத்து பப்களில் எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்த எங்களுக்குக் கிடைத்தது இரண்டு பாக்கெட் சிப்ஸ். வேனில் அந்தக் கவலை இல்லை. இரட்டை அடுப்பில் ரசமும் சோறும் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே மழை தகரத்தில் கொட்டச் சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் தாளிப்பு? தூக்கும் கூரையின் பக்கச் சுவர் துணி. பெருங்காயமும் கடுகும் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து ஓட்டியும் போகவில்லை. வாடகைத் தாளைப் படியுங்கள், சிலர் உள்ளே பொரிப்பதையே தடைசெய்கிறார்கள். நான் இப்போது தாளித்ததை டப்பாவில் எடுத்துப் போகிறேன்.

வேன் நிச்சயமாக ஜெயிப்பது இரவில். டேல்ஸ் 2020 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக, அதாவது விளக்கொளி கெடுக்காத இரவு வானத்தைக் காக்கும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் ரிபிள்ஹெட் பக்கம் ஒரு பண்ணை முகாமில் இருந்தோம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, போர்வையோடு சறுக்குக் கதவைத் திறந்தேன். தலைக்கு மேல் பால்வீதி. பக்கத்தில் ஒரு செம்மறியாடு மென்றுகொண்டிருந்த சத்தம் மட்டும். குளிர்ந்ததும் கதவை இழுத்து மூடினேன், டீசல் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பி அண்ட் பியில் இதற்காக உடை மாற்றி, படியிறங்கி, முன்கதவுச் சாவியைத் தேடியிருப்பேனா? மாட்டேன்.

ஆனால் இதே வேனை ஜூனில் எடுத்தால் அந்த வானம் கிடைக்காது. இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் முழுதாக அடங்குவதில்லை. ஜூனில் பார்க்க வேண்டியது மியூக்கரைச் சுற்றியுள்ள தீவனப் புல்வெளிகளின் காட்டுப்பூக்கள், அதெல்லாம் பகல் காட்சி. அதற்குக் காரும் நல்ல மெத்தையும் போதும். ஓட்டப் பிடிக்காதவர்களுக்கு லீட்ஸிலிருந்து செட்டில்–கார்லைல் ரயில் இருக்கிறது. ரிபிள்ஹெட்டின் 24 வளைவுப் பாலத்தைக் கடந்தே போகும்.

இந்த ஜூனில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். கூரைக்கட்டிலுக்கு அவரை ஏற்ற முடியாது. ஹாஸில் தரைத்தள அறை சொல்லிவைத்தாயிற்று, இரவுச் சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்கிறோம். அக்டோபருக்கு வேன் பதிவு செய்யும்போது முகாம் இடத்தை முதலில் பிடித்துவிட்டுத்தான் வண்டிக்குப் பணம் கட்டுவேன்.