எஃப்.பி.எல். கேப்டன்: சாலாவா, ஹாலண்டா?

ஃபேன்டஸி பிரீமியர் லீக் (எஃப்.பி.எல்.) என்பது இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் நிஜ கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் ஆன்லைன் ஆட்டம். 2024-25 சீசனில் அதை ஆடியவர்களுக்கு வாராவாரம் ஒரே பஞ்சாயத்துதான். கேப்டன் லிவர்பூலின் சாலாவா, மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டா? நான் பெரும்பாலும் சாலா பக்கமே நின்றேன். மினி லீக் (நண்பர்களுக்குள் நடத்தும் போட்டி) குரூப்பில் "எப்பப் பாரு சாலாவா, போரடிக்கலையா?" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும் என்பது ஊரறிந்தது. பெனால்டி வந்தால் இருவருமே அடிப்பவர்கள். காயம் இல்லை என்றால் அந்த சீசனில் இருவரும் முதல் பதினொன்றில் இருந்தார்கள். சீசன் தொடக்கத்தில் எஃப்.பி.எல். விலைப்படி ஹாலண்ட் 15.0 மில்லியன், சாலா 12.5. அணி கட்டும்போது அந்த 2.5 பெரிய தொகைதான். ஆனால் இருவரையும் வாங்கி வைத்துவிட்டால், கேப்டனை முடிவு செய்யும் டெட்லைன் நேரத்தில் விலைக்கு வேலையே இல்லை.

ஹாலண்டுக்கான வாதத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த சீசனின் முதல் 5 போட்டிகளில் 10 கோல். இப்ஸ்விச்சுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் எதிராக அடுத்தடுத்து ஹாட்ரிக். ஹாட்ரிக் என்றால் கோலுக்கு 12, ஆடியதற்கு 2, அந்தப் போட்டியில் சிறப்பாக ஆடியதற்கான போனஸ் 3, ஆக 17. கேப்டன் என்றால் 34. அப்படிப்பட்ட வாரத்தில் அவரைக் கேப்டனாக வைக்காதவர்களின் ரேங்க் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போனஸ் யாருக்கு என்று முடிவு செய்யும் கணக்கிலும் ஃபார்வர்டின் கோலுக்கு மிட்ஃபீல்டரின் கோலைவிட மதிப்பு அதிகம்: 24-க்கு 18. ஆனால் அதன் பிறகு அவர் ஆடிய 26 லீக் போட்டிகளில் வந்தது 12 கோல்தான்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்: எஃப்.பி.எல். அந்த வீரரை எந்தப் பெட்டியில், அதாவது எந்த பொசிஷனில் போட்டிருக்கிறது? சாலா ஆடியது ஃபார்வர்ட் ஆட்டம், ஆனால் பட்டியலில் மிட்ஃபீல்டர். அதனால் அவர் கோலுக்கு 5, ஹாலண்டின் கோலுக்கு 4. இந்த ஒரு புள்ளியை அற்பமாக நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சாலா அந்த சீசனில் 29 கோல். மிட்ஃபீல்டராக 145 புள்ளி. அதே 29-ஐ ஃபார்வர்டாக அடித்திருந்தால் 116. வித்தியாசம் 29, கேப்டனாக இருந்தால் 58. இதோடு லிவர்பூல் கோல் வாங்காத நாளில் கிளீன் ஷீட்டுக்கு ஒரு புள்ளி. ஹாலண்டுக்கு அது கிடையாது.

அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) இருக்கிறது. சாலா 18 அசிஸ்ட். கோல் அடிக்காத நாளிலும் ஒரு பாஸ் கோலானால் ஆடியதற்கான 2-ஐயும் சேர்த்து 5 புள்ளி, இரட்டித்தால் 10. ஹாலண்ட் கோல் அடிக்காவிட்டால் பெரும்பாலும் ஆடியதற்கான 2 புள்ளியோடு ப்ளாங்க்தான், வேறொன்றும் வராது.

2024 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் நேரப்படி மாலை 6 மணிக்கு சிட்டி - எவர்டன். ஹாலண்டின் பெனால்டியை எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்தார், மைனஸ் 2. ஆடியதற்குக் கிடைத்த 2 புள்ளியும் அதில் கழிந்தது. பூஜ்ஜியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்ஜியம். நள்ளிரவு தாண்டி 1.30-க்கு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் லெஸ்டருடன் ஆட்டம். லிவர்பூலின் மூன்றாவது கோலை சாலா அடித்தார். பிரமாதமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேப்டனாக வைத்திருந்தவருக்கு குறைந்தது 14 புள்ளி.

சீசன் முடிவில் சாலா 344, ஹாலண்ட் 181. கேப்டன்சியால் கூடுதலாக வருவது அந்த வீரரின் புள்ளியே இன்னொரு முறைதான். ஆகவே 38 வாரமும் கண்ணை மூடிக்கொண்டு சாலாவை வைத்திருந்தவருக்கு அந்த இடத்திலிருந்து மட்டும் 344 புள்ளி கூடுதல். ஹாலண்டுக்குக் காயமும் சேர்ந்துகொண்டது, 31 லீக் போட்டிகள்தான் ஆடினார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு டிஃபரென்ஷியல் (மற்றவர்கள் அதிகம் எடுக்காத வீரர்) எடுக்கலாமா? பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே 4 கோல் அடித்த செல்சியின் பால்மரை அந்த வாரம் கேப்டனாக வைத்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நான் அப்படிக் கேப்டன் கொடுத்துப் பார்த்தது குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். மினி லீக்கில் பின்தங்கியிருப்பவருக்கு அது சரியான ஆட்டமாக இருக்கலாம்.

ஹாலண்டுக்கு நான் விட்டுக்கொடுத்தது ஒரு சூழலில்: சிட்டியின் மைதானமான எதிஹாட்டில், கீழ் டிவிஷனிலிருந்து புதிதாக மேலே வந்த அணிக்கு எதிராக, சாலாவுக்கு வெளியூர் ஆட்டம் இருந்தால்.

2025-26-ல் விலையே தலைகீழ்: சாலா 14.5, ஹாலண்ட் 14.0. நவம்பர் கடைசியில் வெஸ்ட் ஹாம் போட்டியில் லிவர்பூலின் அப்போதைய பயிற்சியாளர் ஸ்லாட் சாலாவை பெஞ்சில் உட்கார வைத்தார். முழு ஆட்டமும் உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை, புள்ளி இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போய்விடும். 85-வது நிமிடத்தில் இறக்கிவிட்டால்தான் தலைவலி: ஒரு புள்ளி, இரட்டித்தால் இரண்டு. வைஸ் கேப்டன் 15 எடுத்திருந்தாலும் அது இரட்டிக்காது.