எஃப்சி-51 ஐஆர் சென்சர்: எதற்கு நம்பலாம், எங்கே ஏமாற்றும்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் ஒன்று இரண்டாகவே வாங்கக்கூடிய, சின்ன றோபோக்கள் முன்னாலுள்ள தடையைக் காணப் பூட்டும் ஐஆர் (அகச்சிவப்பு) மொடியூல் இது. வாங்கலாம். வீட்டுக்குள், 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்தில், "முன்னால் ஏதும் இருக்கிறதா, இல்லையா" என்ற ஒரே கேள்விக்கு நல்ல சாமான். ஆனால் விற்பனை விவரத்தில் போட்டிருக்கும் 30 சென்ரிமீற்றரை நம்பி றோபோவின் வேகத்தை வைத்தால் சுவரில் போய் முட்டும். பழுது என்று தூக்கி எறியப்படும் மொடியூல்கள் பலவற்றில் பழுதே இருக்காது. வெளிச்சமோ பற்றரியோ அவற்றைக் குழப்பியிருக்கும்.

வெள்ளைத் தலை எல்இடி அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். கறுப்புத் தலை போட்டோடயோட் திரும்பி வரும் ஒளியை வாங்கும். அந்த அளவை, சின்னத் திருகியில் நாம் வைத்த அளவோடு எல்எம்393 சிப் ஒப்பிடும். தடை தெரிந்தால் மொடியூலின் அவுட் என்ற கால் (பின்) 0 ஆகும், தெரியாவிட்டால் 1. நிரலில் இதை மாற்றி எழுதி, சென்சரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

சிக்கல் வந்தால் முதலில் நிரலைத் திறக்க வேண்டாம். மொடியூலில் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது அவுட்டுக்கு. 10 சென்ரிமீற்றரில் வெள்ளைத் தாளைக் காட்டி எடுங்கள். அவுட் விளக்கு எரிந்து அணைகிறது, ஆனால் ஆர்டுயினோவுக்கு (றோபோவின் நிரல் ஓடும் சின்னப் பலகை) தெரியவில்லை என்றால் சென்சர் சரி. நிரலில் கொடுத்த பின் இலக்கம், வயர், பொது கிரவுண்ட் (மறை முனை இணைப்பு) ஆகியவற்றைப் பாருங்கள். மோட்டருக்குத் தனிப் பற்றரி வைத்தவர்கள் இரண்டு கிரவுண்டையும் இணைக்க மறப்பது வழக்கம். விளக்கே அசையவில்லை என்றால் போனின் முன்பக்கக் கமராவால் எல்இடியைப் பாருங்கள். மங்கலான ஊதா ஒளி தெரிய வேண்டும். பின்பக்கக் கமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவானது, அதில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கொழும்பில் இந்தச் சென்சரின் பெரிய எதிரி வெயில். எல்இடி துடிப்பில்லாமல் தொடர்ந்து எரிவதால், தன் ஒளி எது, சூரியனின் ஒளி எது என்று பிரித்தறிய இதற்கு வழியே இல்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் காலையில் ஒழுங்காக ஓடும் றோபோ, பின்னேரம் மேற்கு யன்னலால் வெயில் விழுந்ததும் நடு அறையில் தடை இருப்பதாக நினைத்து நின்றுவிடும். திருகியைக் குறைத்தால் நிற்பது தீரும், ஆனால் உண்மையான தடையும் தெரியாமல் போகும். அதனால் திருகியை எப்போதும் றோபோ ஓடப்போகும் அதே இடத்தில், அதே நேரத்து வெளிச்சத்தில் வையுங்கள். முன்னால் எதுவும் இல்லாமல், விளக்கு எரியும்வரை திருகுங்கள். பிறகு அணையும்வரை திருப்பி, இன்னும் ஒரு துளி பின்னுக்கு விடுங்கள். அதன்பின் தாளை வைத்துத் தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். சரியானதும் திருகியின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டால் அதிர்வில் நகராது.

யன்னலை மூடியும் விளக்கு அணையவில்லையா? எல்இடியின் ஒளி பக்கவாட்டில் நேரே போட்டோடயோட்டுக்குள் கசிகிறது. வளைந்த கால்களை நிமிர்த்தி இரண்டு தலைகளையும் சமாந்தரமாக்குங்கள், போட்டோடயோட்டுக்குக் கறுப்புச் சுருங்கு குழாய் (சூடாக்கினால் சுருங்கும் பிளாஸ்ரிக் குழாய்) போடுங்கள். கறுப்பு என்றால் அகச்சிவப்பு போகாது என்று நினைக்கக்கூடாது. போட்டோடயோட்டின் தலையே கறுப்புத்தான், அதனூடாகத்தானே ஒளி போகிறது! சந்தேகமானால் குழாய்க்கு மேல் அலுமினியத் தாள் சுற்றி, கால்களில் முட்டாதபடி இன்சுலேசன் ரேப் ஒட்டுங்கள். இரண்டு மொடியூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றின் ஒளி மற்றதைக் குழப்பும். ஒவ்வொன்றையும் 20 முதல் 30 பாகை வெளிப்பக்கம் திருப்புங்கள்.

அடுத்தது பற்றரி. 5 வோல்ற்று 4 ஆக இறங்கும்போது எல்இடியின் மின்னோட்டம் கால்பங்குக்கு மேல் குறையும், ஏனெனில் எல்இடி தனக்கென்று 1.2 வோல்ற்றளவு எடுத்துக்கொள்ளும். வெயிலோ குறையாது. புதுப் பற்றரியில் வைத்த அளவு அரை மணி ஓட்டத்தில் பிசகுவதற்கு இதுவும் காரணம். சதுர 9 வோல்ற்றுப் பற்றரியில் மோட்டர் ஓட்டவே வேண்டாம். மோட்டர் கிளம்பும்போது மட்டும் சென்சர் பொய் சொன்னால், ஒவ்வொரு மோட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்றோபரட் கபாசிற்றரையும், மோட்டர் டிரைவரின் மின்வழங்கலில் 470 மைக்றோபரட் ஒன்றையும் பற்றவையுங்கள்.

கறுப்புக் கதிரைக் கால், கறுப்புச் சப்பாத்து ஆகியவற்றை இது கிட்டப் போன பிறகே காணும், சில வேளை காணவே காணாது. பளபளப்பான சிவப்புச் சீமெந்துத் தரை எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: தரையையே தடை என்று சொல்லும். சென்சரைத் தரையிலிருந்து 4, 5 சென்ரிமீற்றர் உயர்த்தி, மூக்கைச் சற்று மேலே தூக்கி வைத்தால் தீரும்.

வெயிலில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் இதோடு மல்லுக்கட்டாமல் இ18-டி80என்கே என்ற ஐஆர் தடை சென்சரை வாங்குங்கள். ஒளியைத் துடிப்பாக அனுப்புவதால் வெயிலை இதைவிட நன்றாகத் தாங்கும்; 3 முதல் 80 சென்ரிமீற்றர்வரை வைக்கலாம். பெரும்பாலானவற்றில் பழுப்பு வயர் 5 வோல்ற்று, நீலம் கிரவுண்ட், கறுப்பு சிக்னல். சிக்னலை 10 கிலோஓம் ரெசிஸ்ரரால் 5 வோல்ற்றுக்கு இழுத்துவிடுங்கள், அல்லது ஆர்டுயினோவின் உள் புல்அப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பு கண்டபடி ஆடும். தூரத்தையே அளக்க வேண்டுமானால் ஷார்ப் ஜிபி2வை0ஏ21 நல்லது, 10 முதல் 80 சென்ரிமீற்றர். 10க்கும் கிட்ட வந்தால் அதன் வோல்ற்று மறுபடி இறங்கி, தடை தூரத்தில் இருப்பதாகக் காட்டும். ஆகவே றோபோவின் முன்விளிம்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளிப் பூட்டுங்கள்.

கண்ணாடிக் கதவுள்ள வீட்டில் இவை மூன்றும் ஏமாற்றக்கூடும். அங்கே முன்பக்கம் ஒரு எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) மீயொலித் தூர சென்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.