கொடி ரோஜா என்று அடிச்செடியை விற்கிறார்கள்: வாங்குமுன் கவனிக்கவும்

கொடி ரோஜாக் கன்று, சிட்டுக்குருவிக்கான கூட்டுப்பெட்டி, ‘இயற்கைப் பூச்சிவிரட்டி’ ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக இணையத்தில் விற்கும் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன். அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

படத்தில் இருந்தது ஆண்டில் பலமுறை பூக்கும் பெரிய சிவப்பு ரகம். வந்த கன்றிலோ ஒட்டுக்கு (வேர் தரும் அடிச்செடியோடு வேண்டிய ரகத்தை இணைத்த இடம்) மேலிருந்த தண்டு கறுத்துக் காய்ந்திருந்தது. ஒட்டுப் பகுதி கண்ணில் படாதபடி மண்ணை மேடாக அணைத்து, அதன்மேல் தென்னை நார்த்தூளைப் பரப்பியிருந்தார்கள். துளிர்த்தவை எல்லாம் ஒட்டுக்குக் கீழிருந்து வந்தவை. கொடி மளமளவென்று நீண்டதென்னவோ உண்மைதான்; ஆனால் பூத்தவை கொத்துக் கொத்தான சிறிய வெள்ளைப் பூக்கள். ஒட்டுக்கட்ட அடிச்செடியாகப் பரவலாகப் பயன்படும் ரோசா மல்டிஃப்ளோரா அது. ஆண்டுக்கு ஒரு பருவம் பூப்பதோடு சரி. தண்டைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டினால் பூ பெரிதாகும் என்று விற்றவர் சமாளித்தார். அப்படிக் கட்டினால் பக்கக் கிளைகள் பெருகிப் பூக்கள் கூடுமே தவிர, ரகம் எப்படி மாறும்?

இதைவிட மோசமானது அந்தப் பூச்சிவிரட்டி. ‘பறவைகளுக்குத் தீங்கற்றது’ என்று அச்சிட்ட ஒட்டுத்தாளின் ஓரம் ஈரத்தில் கிளம்பியிருந்ததால் உரித்துப் பார்த்தேன். அடியில் உற்பத்தியாளரின் சீட்டில் இமிடாகுளோபிரிட் குருணை என்றிருந்தது. வேர் வழியாகச் செடியின் சாறு முழுவதும் பரவி, மகரந்தம்வரை செல்லும் நஞ்சு அது. தேனீக்களைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கே தடை விதித்தது. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவையானாலும் குஞ்சுகளுக்கு அசுவினி, புழு போன்ற செடியில் வாழும் பூச்சிகளையே பெரும்பாலும் ஊட்டுகிறது. மண்ணில் கிடக்கும் குருணையை விதையென்றோ சிறுகல்லென்றோ எண்ணிப் பறவைகள் கொத்தும் ஆபத்தும் உண்டு. கூட்டுப்பெட்டியைக் கொடுத்த கையாலேயே இதையும் கொடுக்க எப்படி மனம் வந்ததோ!

பெட்டியும் அழகுக்குத்தான். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் துளை போதும். இதிலோ பூனையின் கை நுழையும் அளவுக்குத் துளை, அதன்கீழ் வேட்டையாடும் விலங்குகள் பற்றிக்கொள்ள வசதியாக ஒரு குச்சி. சுத்தம் செய்யத் திறக்கவும் வழியில்லை.

கன்று வந்த அன்றே மேல்மண்ணை விலக்கி ஒட்டுப் பகுதியைப் பாருங்கள். அதற்கு மேலுள்ள பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால், உயிருள்ள தண்டு பச்சையாகத் தெரியும். பூக்கும்வரை காத்திருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். அதைச் சொல்லியே எனக்குப் பணம் தர மறுத்தார்கள்.