இரண்டு காலம், ஓர் ஒற்றன்: அச்சா, கிண்டிலா, ஒலிநூலா?

ஆழ்வார்க்கடியானின் வேவையும் வந்தியத்தேவனின் ஓலையையும் படித்து வளர்ந்தவர்களுக்கு, உளவும் காதலும் பின்னிய சரித்திர நாவல் புதிதல்ல. ஆங்கிலத்தில் இப்போது நிறைய வரும் இரட்டைக் கால நாவல்தான் புதிது. ஓர் அத்தியாயம் 1943 பாரிஸ், அடுத்தது 2005 லண்டன். போரில் காணாமல் போன ஒருத்தியின் கடிதங்களை, இன்றைய பேத்தியோ ஆராய்ச்சி மாணவியோ பிரித்துப் படிக்கிறாள். இந்த வகையை எதில் படிப்பது என்று கேட்டால் என் தேர்வு அச்சுப் புத்தகம். வேறு வகை நாவல்களுக்கு இவ்வளவு பிடிவாதம் எனக்கில்லை.

எடை, விலையெல்லாம் தெரிந்த கதை. பெங்களூரு மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டில் ஏறி மெஜஸ்டிக் வரை பர்ப்பிள் லைனில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவருக்குச் சுமார் 200 கிராம் கிண்டில்தான் வசதி. படித்ததை விற்கவோ பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கவோ அச்சில்தான் முடியும். ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது இவை அல்ல, பின்னால் புரட்டிப் பார்க்கிற வசதி.

ஒற்றன் கொண்டுவந்த செய்தியையும் இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறது குறளின் ஒற்றாடல் அதிகாரம். இந்த நாவல்களில் அந்த இரண்டாவது ஒற்றன் வாசகர்தான். 1943-இல் எழுதப்பட்டதை 2005-இல் ஒருத்தி தவறாகப் புரிந்துகொள்வாள். பிசகு எங்கே என்று 200 பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

நிஜ வரலாற்றிலேயே இதற்கு வேர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய உளவு, நாசவேலை அமைப்பு, கம்பியில்லாத் தந்தி அனுப்பும் தன் ஒற்றர்களிடம், செய்தியில் குறித்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்யச் சொல்லியிருந்தது. எதிரியிடம் பிடிபட்டு, அவன் மிரட்டி அனுப்பச் சொன்னால் பிழையில்லாமல் அனுப்ப வேண்டும். நெதர்லாந்திலிருந்து அந்தப் பிழை அடையாளம் இல்லாமல் வந்த செய்திகளையும் லண்டன் நம்பியது. 1942 முதல் அடுத்தடுத்து இறங்கிய ஒற்றர்கள் நேராக ஜெர்மானியர் கையில் விழுந்தார்கள். நாவலில் இந்த உத்தி வந்தால், நான்காம் அத்தியாயக் கடிதத்தில் பிசகிய ஒரே எழுத்து முப்பதாம் அத்தியாயத்தில் முடிச்சை அவிழ்க்கும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து உருவாக்கிய மின்னூலில் பிழை மலிந்திருந்தால், ஆசிரியர் வைத்தது எது, கணினி செய்தது எது என்று பிரிக்கவே முடியாது.

கிண்டிலின் தேடல் நல்ல பலம்தான். ஆனால் உளவுக் கதையில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். எஸ்.ஓ.இ. ஒற்றராகப் பாரிஸில் இருந்த நூர் இனாயத் கானுக்குக் களத்தில் 'மேடலின்', போலி ஆவணத்தில் ழான்-மரி. அப்படி ஒரு பாத்திரத்தை ஒரு பெயரில் தேடினால் மற்ற இரண்டும் அகப்படாது. கிண்டிலில்தான் படிப்பேன் என்பவர்கள் முதலில் அட்டைக்குப் பின்னோக்கிப் போங்கள். பல மின்னூல்கள் நேராக முதல் அத்தியாயத்தில் திறக்கும். வரைபடமும் பாத்திரப் பட்டியலும் அதற்கு முன்னால் கிடக்கும்.

அச்சில் படிக்கும் முறை இது. இரண்டு புத்தகக்குறி வேண்டும்: ஒன்று படிக்கிற இடத்தில், இன்னொன்று மற்றக் காலத்தின் கடைசி அத்தியாயத்தில். பின் அட்டைக்கு உள்பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொருவருக்கும் பெயர், மாற்றுப் பெயர், பிறந்த ஆண்டு எழுதுங்கள். வயதுக் கணக்கு பல ரகசியங்களை முன்கூட்டியே உடைத்துவிடும். 1943-இல் 22 வயது என்றால் 2005-இல் 84. முதியோர் இல்லத்துப் பாட்டிக்கு 78 என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தால், போரின்போது அவளுக்கு 16. அவள் அந்த உளவுக்காரியாக இருக்க முடியாது, தங்கையாக இருக்கலாம். பிரெஞ்சுப் புரட்சிக் கதையில் புரட்சி நாள்காட்டிப்படி 'தெர்மிதோர் 9, ஆண்டு 2' என்று தலைப்பு வந்தால் ஓரத்தில் 1794 ஜூலை 27 என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். கடைசியில் வரும் வரலாற்றுக் குறிப்பை மட்டும் முதலில் திறக்காதீர்கள். யார் நிஜம், யார் கற்பனை என்று சொல்லும்போதே யார் செத்தார் என்பதையும் அது சொல்லிவிடும்.

ஒலிநூலில் நான் முடித்தவை சில மட்டுமே. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத் தலைப்பின் ஊரும் ஆண்டும் இரண்டே விநாடியில் கடந்துவிடும். அதே நேரத்தில் மெட்ரோவில் 'முந்தின நில்தாண' (கன்னடத்தில் 'அடுத்த நிலையம்') அறிவிப்பு வந்தால் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. காலத்துக்கு ஒரு குரலாக இருவர் வாசித்த பதிப்பு என்றால் இந்தக் குறை பெரிதும் தீர்கிறது. வாங்குமுன் மாதிரியைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாசிப்பை அச்சில் முடித்துவிட்டு இரண்டாம் முறை காதில் கேட்பது நல்ல ஏற்பாடு.

சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய பிரதி வாங்கினால் நடுப்பக்கத்தைத் திறந்து முதுகுப் பசை விரிசல் விட்டிருக்கிறதா பாருங்கள். நாம் முன்னும் பின்னும் புரட்டுகிற புரட்டலில் முதலில் கழன்று வருவது அந்த இடம்தான். வரைபடத் தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வரிசை எண். லாரன் வில்லிக்கின் 'பிங்க் கார்னேஷன்' வரிசை 2005-இல் தொடங்கி 12 நாவல்கள். நெப்போலியன் கால ஒற்றர்களை இன்றைய ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தேடிப்போகிறாள். ஆறாவது நூல் 1804 ஹைதராபாத்தில் நடப்பதால் நம் கை முதலில் அதற்குத்தான் போகும். ஆனால் பழங்காலக் காதல் அந்தந்த நூலோடு முடியும். மாணவியின் காதல் முதல் நூலிலிருந்தே தொடர்ந்து வருவது. முதல் நூல் கைக்கு வரும்வரை ஆறாவதை வாங்கி அலமாரியில் வைத்திருங்கள்.